லோர்ன்: உழைப்பு காக்கும் ஓய்வு

ஆஸ்திரேலியாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆகஸ்ட் மாதத்து இரவு ஒன்றில் யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறார்கள். அங்கே அது குளிர்காலம். விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்குக் கரையில் உள்ள லோர்ன் என்ற சிற்றூரில் அந்த இரவில் எண்ணினால் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் தேறுவார்கள். வீடுகளில் பாதிக்கு மேல் ஆளில்லை. 2021 கணக்கெடுப்பும் இதையே காட்டியது. அதே ஊரில் ஜனவரி மாதம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கடைத்தெருவில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. காப்பிக் கடையின் வரிசை தெருமுனை வரை வளரும். ஊரின் மக்கள்தொகை சில வாரங்களுக்குப் பல மடங்காகிவிடுகிறது.

இந்த இரண்டும் ஒரே ஊர்தான். வந்து போகிறவர்கள் ஜனவரி ஊரை மட்டுமே அறிவார்கள். ஆனால் அந்த ஊரைத் தாங்கி நிற்பது ஆகஸ்ட் ஊர். ஆஸ்திரேலியக் கடற்கரை வாழ்க்கை என்றதும் வெயில், அலை, சறுக்குப்பலகை என்று ஒரு படம் நம் மனத்தில் விரிகிறது. இயற்கை அள்ளிக் கொடுத்ததை மக்கள் அனுபவிக்கிறார்கள் என்றே தோன்றும். லோர்னின் வரலாற்றைக் கிளறிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அங்குள்ள ஓய்வு தொழிற்சங்கப் போராட்டத்தாலும், கையால் வெட்டிய சாலையாலும், சம்பளமின்றிக் காவல் காப்பவர்களாலும் உண்டாக்கப்பட்டது. இன்று அந்த ஓய்வைக் காப்பவர்களுக்கே அந்த ஊரில் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாகி வருகிறது.

மெல்பர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், ஓட்வே மலைத்தொடர் கடலில் இறங்கும் இடத்தில் லோர்ன் இருக்கிறது. யூகலிப்டஸ் காடு மணலுக்கு மிக அருகே வரை வந்து நிற்கும். எர்ஸ்கின் ஆறு ஊருக்குள் புகுந்து கடலில் சேர்கிறது. தென்முனையில் நீண்டிருக்கும் பாறைநிலம் பெருங்கடலின் முரட்டு அலைகளைக் கொஞ்சம் தடுத்துவிடுவதால் வளைகுடா சற்றே அமைதியானது. 1841இல் கப்பல் விபத்தொன்றின் சரக்கை மீட்க வந்த லூட்டிட் என்ற கப்பல் தலைவர் இங்கே ஒதுங்கினார். வளைகுடாவுக்கு அவர் பெயர் நின்றுவிட்டது. 1849இல் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். 1871இல் விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸை லோர்ன் பிரபு மணந்ததையொட்டி ஊருக்கு இப்போதைய பெயர் வந்தது.

ஆனால் இது கடபனூட் மக்களின் நிலம். இந்தக் காட்டிலும் கரையிலும் எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அவர்கள். நில அளவைக் குழுவைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, 1846இல் ஏர் ஆற்றுப் பக்கம் அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு மக்கள் கூட்டத்தை வேரோடு பெயர்த்த பிறகுதான் அந்தக் கரை ‘வெறுமையான எழில்’ என்று புதியவர்கள் கண்ணுக்குப் பட்டது. இப்பகுதியின் மரபுரிமைக்குப் பொறுப்பான ஈஸ்டர்ன் மார் மக்களுக்கு, தென்மேற்கு விக்டோரியாவின் ஒரு பகுதியில் நில உரிமை உண்டென்று கூட்டாட்சி நீதிமன்றம் 2023 மார்ச்சில்தான் ஏற்றது. லோர்னின் ஓய்வைப் பற்றிப் பேசும் எவரும் இந்தக் கடனைக் கணக்கிலிருந்து விட்டுவிடக் கூடாது.

உல்லாச ஊராக லோர்ன் பெயரெடுத்தது மவுண்ட்ஜாய் சகோதரர்கள் நடத்திய எர்ஸ்கின் ஹவுஸ் என்ற விருந்தினர் விடுதியால். அந்நாளில் அங்கே போவது எளிதல்ல. உள்நாட்டிலிருக்கும் டீன்ஸ் மார்ஷ் வரை வந்து, அங்கிருந்து குதிரை வண்டியில் காட்டு மலையைக் கடக்க வேண்டும். மழை பெய்தால் சேற்றில் சக்கரம் புதையும். நேரமும் பணமும் உள்ளவர்களுக்கே அது சாத்தியம். 1891இல் வந்துபோன ருட்யார்ட் கிப்ளிங் பிறகு தன் கவிதை ஒன்றில் எர்ஸ்கினைக் குறிப்பிட்டிருக்கிறார். மெல்பர்ன் ஆலைத் தொழிலாளிக்கு லோர்ன் என்ற பெயர் காதில் விழுந்திருக்கலாம். கால் வைத்திருக்க வழியில்லை.

அவரும் வர முடிந்தது எப்படி என்பதற்கு விடை கடற்கரையில் இல்லை. மெல்பர்ன் நகரின் நடுவில் இருக்கிறது. 1856 ஏப்ரலில் மெல்பர்ன் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்த கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்பது அவர்கள் கோரிக்கை. கூலி குறையாமல் அதை வென்றார்கள். 1903இல் திறக்கப்பட்ட அதன் நினைவுத்தூணின் உச்சியில் மூன்று எட்டுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எட்டு மணி வேலை, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி உறக்கம். உலகின் தொழிலாளர் நினைவுச் சின்னங்கள் பெரும்பாலும் உழைப்பைப் போற்றுபவை. பொழுதுபோக்கையும் உழைப்புக்குச் சமமான உரிமையாகத் தலையில் தூக்கி வைத்திருக்கும் இந்தத் தூண், ஆஸ்திரேலியச் சமூகத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த வாசல்.

அதன் பிறகு சட்டம் ஒவ்வொரு படியாக நகர்ந்தது. 1862இல் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய குடியேற்றங்களின் அரசு ஊழியர்களுக்கு நீண்ட பணிக்கால விடுப்பு என்று ஒன்று கிடைத்தது. பத்தாண்டு வேலை பார்த்தவர் கப்பலேறி இங்கிலாந்து சென்று உற்றாரைப் பார்த்துத் திரும்பட்டும் என்பது நோக்கம். 1950களில் மாநிலச் சட்டங்கள் அதைத் தனியார் தொழிலாளர்களுக்கும் விரித்தன. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு 1941இல் ஒரு வாரமாகப் பரவலாயிற்று. 1945இல் இரண்டு வாரம், 1963இல் மூன்று, 1974இல் நான்கு. வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை 1948 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சனி, ஞாயிறு இரண்டும் கையில் கிடைத்தன. அதே ஆண்டு நவம்பரில் நாட்டிலேயே உருவான முதல் ஹோல்டன் கார் சந்தைக்கு வந்தது. லோர்ன் அலைமீட்பு சங்கம் தொடங்கப்பட்டது 1947இல். இந்தத் தேதிகள் அடுத்தடுத்து விழுந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. நேரம், வண்டி, சாலை மூன்றும் சேர்ந்தபோது கூட்டம் கடலுக்கு வந்தது. கூட்டம் வந்ததும் அதைக் கரையேற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் அறுபதாயிரம் ஆஸ்திரேலியர்கள் மாண்டார்கள். உயிரோடு திரும்பியவர்களுக்கு வேலை வேண்டும், மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும். ஜீலாங் நகர மேயராக இருந்த ஹோவர்ட் ஹிச்காக் இரண்டையும் ஒன்றாக்கினார். 1918இல் ஓர் அறக்கட்டளை அமைத்துப் பணம் திரட்டினார். சொந்தப் பணத்தையும் போட்டார். 1919 செப்டம்பரில் வேலை தொடங்கியது. போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்கள் செங்குத்தான கடலோரப் பாறையில் கடப்பாரை, மண்வெட்டி, வெடிமருந்து, சிறு வண்டிகளைக் கொண்டு வழி வெட்டினார்கள். எட்டு மணி நேர நாளுக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. சிலர் பாறைச் சரிவில் உயிரிழந்தார்கள்.

கூடாரங்களில் தங்கியிருந்த அவர்களுக்கும் ஓய்வு நேரம் இருந்தது. பொதுச் சாப்பாட்டுப் பந்தலில் ஒரு பியானோ, கிராமபோன், விளையாட்டுச் சாமான்கள், செய்தித்தாள்கள். 1924இல் காஸினோ என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே பாறையில் மோதிச் சிக்கியது. கப்பலை இலகுவாக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். கரைக்கு மிதந்து வந்த பீப்பாய்களைச் சாலைத் தொழிலாளர்கள் கைப்பற்றினார்கள். இரண்டு வாரம் வேலை நடக்கவில்லை. பிரான்சின் சேற்றுப் பதுங்குகுழிகளில் இளமையைத் தொலைத்த அந்த மனிதர்களுக்குக் கடல் கொண்டுவந்து கொடுத்த அந்த விடுமுறையை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது.

லோர்ன் வரையிலான பகுதி 1922இல் திறந்தது. வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கினார்கள். காருக்கு இரண்டு ஷில்லிங். லோர்னுக்கு அப்பால் அப்பல்லோ பே வரையிலான கடினமான பகுதியும் முடிந்து, 1932 நவம்பரில் லோர்னில் திறப்பு விழா நடந்தது. ஹிச்காக் அதைக் காணவில்லை. மூன்று மாதம் முன்பு இதய நோயால் இறந்திருந்தார். அவருடைய கார் மட்டும் ஊர்வலத்தில் ஆளுநர் வண்டியின் பின்னால் ஓட்டிச் செல்லப்பட்டது. 1936இல் சாலையை அறக்கட்டளை மாநில அரசிடம் ஒப்படைத்தது, சுங்கம் நின்றது. கிரேட் ஓஷன் ரோடு என்று உலகமே அறியும் சாலை இதுதான். சுமார் 240 கிலோமீட்டர் நீளம். மெல்பர்னில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வந்தால் தவறாமல் அழைத்துச் செல்லும் வழியும் இதுவே. ஈஸ்டர்ன் வியூ என்ற இடத்தில் சாலையின் குறுக்கே நிற்கும் மர வளைவின் கீழ் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்தின் மேலேதான் தங்கள் கார் நிற்கிறது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாலைக்கு அடுத்தது சம்பளமில்லாக் காவல். கடலில் இறங்கிக் குளிப்பதே ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் குற்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டங்கள் பகல் நேரத்தில் பொதுக் கடற்கரையில் குளிப்பதைத் தடுத்தன. 1902இல் சிட்னியின் மேன்லி கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகையாளர், முன்கூட்டியே தன் இதழில் அறிவித்துவிட்டு நண்பகலில் கடலில் இறங்கினார். தடை விரைவிலேயே தளர்ந்தது. தளர்ந்ததும் சாவு பெருகியது. நீந்தத் தெரியாதவர்கள் கூட்டம் கூட்டமாக அலைக்குள் போனார்கள். அதன் விளைவாகத்தான் 1907 வாக்கில் பாண்டை முதலிய கடற்கரைகளில் தன்னார்வ அலைமீட்புச் சங்கங்கள் முளைத்தன. அரசு நியமித்த காவலர்கள் அல்லர். அந்த ஊர் இளைஞர்களே சம்பளமில்லாமல் முறை வைத்துக் காவல் நின்றார்கள். இன்று நாடு முழுவதும் 300க்கும் மேற்பட்ட சங்கங்கள் உள்ளன. பெண்களை முழு உரிமையுள்ள மீட்பாளர்களாக ஏற்க 1980 வரை ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இத்தனை பெருமைக்குரிய அமைப்பில் அது நெடுங்கால அநீதி.

லோர்னில் வளரும் குழந்தை ஐந்து வயதிலேயே ‘நிப்பர்ஸ்’ என்ற சிறுவர் பிரிவில் சேர்கிறது. மணலில் ஓட்டம், ஆழமற்ற நீரில் பலகை மீது துடுப்பு, அலையைப் படிக்கும் பயிற்சி. பதினைந்து வயதானால் வெண்கலப் பதக்கத் தேர்வு. குறித்த நேரத்தில் நீந்திக் காட்ட வேண்டும், மூச்சடைத்தவரை மீட்க வேண்டும், முதலுதவி தெரிய வேண்டும். தேறியவர் சிவப்பும் மஞ்சளுமான சட்டையும் தொப்பியும் அணிந்து வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் காவல் நிற்கிறார். கோடை உச்சத்தின் வாரநாட்களில் மட்டும் சம்பளம் பெறும் காவலர்கள் வருவார்கள்.

அவர்கள் நடும் சிவப்பு-மஞ்சள் கொடிகள் அழகுக்காக அல்ல. அலைகள் உடைந்து கரையில் குவிக்கும் நீர் திரும்பக் கடலுக்குள் போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே ஆழமான வாய்க்கால் இருந்தால் அதன் வழியே பாய்ந்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் அலை உடையாது. நீர் கருத்து, அமைதியாகத் தெரியும். கடலறியாதவர் கண்ணுக்கு அதுதான் குளிக்கத் தோதான இடம். கொடிய பொறி அதுவே. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த இழுப்பு ஆண்டுக்குச் சராசரியாக 21 பேரைக் கொல்வதாகக் கணக்கிட்டது. காட்டுத்தீ, வெள்ளம், புயல், சுறா இவை அனைத்தும் சராசரியாகக் கொல்பவர்களைக் கூட்டினாலும் அதற்கு எட்டவில்லை. சுறாவுக்கு அஞ்சுகிற அளவுக்கு இந்த வாய்க்காலுக்கு யாரும் அஞ்சுவதில்லை.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. எவ்வளவு வலுவான நீச்சல்காரரும் அதில் களைத்து மூழ்குவார். மிதக்க வேண்டும், கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து அலை உடையும் வெண்ணுரைப் பகுதிக்கு வர வேண்டும். ஆஸ்திரேலியப் பள்ளிப் பிள்ளைக்கு இது பாடம். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 2024 ஜனவரி 24 அன்று, இதே விக்டோரியாவின் பிலிப் தீவில், காவல் இல்லாத கடற்கரையில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஒரே குடும்பத்தார் நால்வர் மூழ்கி இறந்தார்கள். கோடைதோறும் இதுபோன்ற செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. மூழ்கி இறப்போரில் பிற நாட்டில் பிறந்தவர்களின் பங்கு பெரிது. நம்மவர்கள் பெருவாரியாகக் குடியேறியிருக்கும் நாடு அது. நீச்சல் பயிற்சியைக் குழந்தைகளின் விளையாட்டு என்று எண்ணாமல் பெரியவர்களும் கற்க வேண்டும். கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குவது என்பதைக் குடும்ப வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டால் உயிர்கள் மிஞ்சும்.

லோர்னின் அலைமீட்பு சங்கத்துக்கு வருமானம் தரும் நிகழ்ச்சி ஜனவரியில் வருகிறது. ‘பியர் டு பப்’ என்று பெயர். ஊரின் கப்பல்துறைப் பாலத்தின் அருகிலிருந்து தொடங்கி, லோர்ன் ஹோட்டலுக்கு எதிரிலுள்ள கரை வரை 1.2 கிலோமீட்டர் நீந்த வேண்டும். மீட்பாளர்கள் தங்களுக்குள் விளையாட்டாகப் போட்டுப் பார்த்த பந்தயம் 1980களின் தொடக்கத்தில் பொதுப் போட்டியாயிற்று. 1998இல் 3,071 பேர் நீந்தியபோது உலகின் மிகப் பெரிய கடல் நீச்சல் போட்டி என்று கின்னஸ் பதிவு செய்தது. அதன் பிறகும் கூட்டம் பெருகியது. ஒலிம்பிக் வீரர்களும் வருகிறார்கள், எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகளும் வருகிறார்கள். முந்தைய நாள் எட்டு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். இவற்றில் கலந்துகொள்பவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் மீட்புப் படகுக்கும் பலகைகளுக்கும் பயிற்சிக்கும் உதவுகிறது. விருந்தாளியின் விளையாட்டே விருந்தாளியின் உயிரைக் காக்கும் செலவுக்குப் போகிறது. ஒரு சிற்றூர் இதைவிட நேர்த்தியாக ஒரு பொருளாதாரத்தை அமைக்க முடியாது.

கூட்டம் போன பிறகு ஊர் தன் வாழ்க்கைக்குத் திரும்புகிறது. குளிர்காலச் சனிக்கிழமைகள் கால்பந்துக்கு உரியவை. ஆஸ்திரேலிய விதிகளின்படி ஆடுகிற, முட்டை வடிவப் பந்து கொண்ட ஆட்டம். லோர்ன் டால்ஃபின்ஸ் என்ற அணி, கோலாக் வட்டார லீக்கில் உள்நாட்டுப் பால்பண்ணை ஊர்களின் அணிகளோடு மோதுகிறது. மேட்டிலுள்ள ஸ்டிரிப்ளிங் மைதானத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியும். ஆண்கள் கால்பந்தாடும் அதே நாளில் பெண்கள் நெட்பால் ஆடுகிறார்கள். ஊரின் பாதிப்பேர் ஆடுவார்கள், மீதிப்பேர் சமையற்கட்டிலும் கதவருகிலும் மதிப்பெண் பலகையிலும் இருப்பார்கள். கப்பல்துறைப் பாலத்தில் பொழுது சாயும் நேரத்தில் கணவாய் பிடிக்கத் தூண்டில் போடுபவர்கள் நிற்கிறார்கள். கடல் நீர் கோடையிலேயே குளிர்ச்சிதான். குளிர்காலத்தில் ரப்பர் உடையில்லாமல் நீண்ட நேரம் இருக்க முடியாது. இதே கரையிலுள்ள டோர்கியில் 1969இல் தொடங்கிய ரிப் கர்ல் நிறுவனம் அலைச்சறுக்கு உடை தயாரிக்க இந்தக் குளிரும் ஒரு காரணம்.

அந்தக் கப்பல்துறைப் பாலத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. லோர்னில் படகுக்குப் பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. பாராகூட்டா என்ற நீள மீனைப் பிடிக்கப் பாய்மரப் படகில் போனவர்கள், திரும்பி வந்ததும் படகையே பாரந்தூக்கியால் மேலே தூக்கிப் பாலத்தின் மீது வைத்துவிடுவார்கள். அந்த மீன்பிடித் தொழில் ஒடுங்கிவிட்டது. 1879இல் கட்டிய பாலம் போய் 2007இல் புதியது வந்தது. இப்போது அது உலாவுவதற்கும் தூண்டில் போடுவதற்குமான பாலம்.

கோடை என்றால் கடல் மட்டுமல்ல, தீயும்தான். 1983 பிப்ரவரி 16, சாம்பல் புதன் நாள். டீன்ஸ் மார்ஷில் பற்றிய தீ, உள்நாட்டுப் பாலையிலிருந்து வீசும் வடக்கு வெப்பக்காற்றில் ஓட்வே மலையைத் தாண்டி லோர்னை நோக்கி இறங்கியது. மாலையில் காற்று தென்மேற்காகத் திரும்பியது. மெல்பர்ன் மக்கள் ஆவலோடு காத்திருக்கும் குளிர்காற்றுதான் அது. ஆனால் நீண்டு கிடந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் அந்தத் திருப்பத்தில் புதிய முகப்பாகி, கடலோரமாக ஏரிஸ் இன்லெட், ஆங்கல்ஸீ ஊர்களின் மேல் பாய்ந்தது. மக்கள் மணலிலும் நீரிலும் நின்று உயிர் பிழைத்தார்கள். அந்த வட்டாரத்தில் எழுநூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன, மூன்று பேர் இறந்தார்கள். ஈஸ்டர்ன் வியூவின் நினைவு வளைவும் எரிந்தது. இன்று நிற்பது அதன் பிறகு கட்டியது. விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா இரு மாநிலங்களிலும் அன்றைய தீயில் மாண்டவர்கள் 75 பேர்.

2015 கிறிஸ்துமஸ் நாளில் மீண்டும் அதே அச்சம். பக்கத்து ஊர்களான வை ரிவரிலும் செப்பரேஷன் கிரீக்கிலும் 116 வீடுகள் எரிந்தன. லோர்னை அன்றே காலி செய்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் பாதித் தட்டில் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரே சாலையில் வரிசையாகக் கிளம்பினார்கள். உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை. இந்தச் சாதனைக்கு முன்னறிவிப்பும் ஒழுங்கும் மட்டும் காரணமல்ல. ஊர்ப்புறத் தீயணைப்பு அமைப்பான சி.எஃப்.ஏ.வில் மாநிலம் முழுதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். மளிகைக் கடை வைத்திருப்பவர், குழாய் பழுது பார்ப்பவர், பள்ளி ஆசிரியர் ஆகியோர்தான் மணியடித்ததும் தீயணைப்பு வண்டியில் ஏறுகிறார்கள். மலைச்சாலையில் கார் உருண்டால் இடிபாட்டை அறுத்து ஆளை மீட்பதும் தன்னார்வ அவசர சேவைக் குழுவே. விடுமுறைக்கு வரும் லட்சக்கணக்கானவர்களின் பாதுகாப்பு, குளிர்காலத்தில் ஊரில் மிஞ்சும் ஆயிரம் சொச்சம் பேரின் தோளில் இருக்கிறது.

அந்த ஆயிரம் பேர் எங்கே குடியிருப்பார்கள் என்பதுதான் இன்றைய கேள்வி.

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் லோர்ன் போன்ற ஊர்களில் எழுந்த விடுமுறை வீடுகள் எளிமையானவை. சிமென்ட் அட்டைச் சுவர், தகரக் கூரை, முன்னால் ஒரு தாழ்வாரம். மின்சார வேலைக்காரரும் பள்ளி ஆசிரியரும் சனிக்கிழமைகளில் வந்து தாங்களே ஆணியடித்துக் கட்டியவை. இப்போது அந்த மனைகளில் கண்ணாடிச் சுவரும் கடல் பார்க்கும் மாடியுமாகப் பெரிய வீடுகள் நிற்கின்றன. மெல்பர்ன் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் கொடுக்கும் விலைக்கு உணவகத்தில் சமைப்பவர் எட்ட முடியாது. முன்பெல்லாம் கோடை முடிந்ததும் உரிமையாளர் தன் வீட்டை ஆண்டு வாடகைக்கு உள்ளூர்க்காரருக்கு விடுவதுண்டு. இணையவழிக் குறுகிய கால வாடகை வந்த பிறகு, சில வார இறுதிகளின் வருமானமே மாத வாடகையைத் தாண்டிவிடுகிறது. வீடு பூட்டியே கிடந்தாலும் உரிமையாளருக்கு நட்டமில்லை. உணவக ஊழியரும் மருத்துவமனைச் செவிலியரும் தினமும் மலைச்சாலையில் நெடுந்தூரம் வண்டி ஓட்டி வருகிறார்கள், இல்லையென்றால் வேறு ஊரில் வேலை தேடுகிறார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. விக்டோரியாவின் கடலோர நிலத்தில் 96 விழுக்காடு பொதுச் சொத்து. எந்தப் பணக்காரரும் மணலுக்கு வேலி போட முடியாது. லோர்னின் கரையோரக் கேரவன் பூங்காக்களும் பொது நிலத்தில்தான் இருக்கின்றன. கடலை ஒட்டிய இடத்தில் ஒரு தொழிலாளி குடும்பம் கூடாரம் அடித்து ஒரு வாரம் தங்கலாம். தலைமுறையாக அதே இடத்துக்கு வரும் குடும்பங்கள் உண்டு. 2020இல் அமைந்த கிரேட் ஓஷன் ரோடு கடலோர, பூங்கா ஆணையம் இவற்றை நிர்வகித்து, வரும் பணத்தைக் கரையைப் பராமரிப்பதில் செலவிடுகிறது. ஆக, ஒரு வாரம் தங்கிப் போகிறவருக்குப் பொது நிலத்தில் இடம் இருக்கிறது. ஆண்டு முழுக்க உழைக்கிறவருக்குத் தனியார் சந்தையில் இடம் இல்லை. கடற்கரையைப் பொதுவாக்கிய அதே சமூகம், அதற்கு நூறு மீட்டர் மேலேயுள்ள வீட்டைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டது.

மாநில அரசு அண்மையில் இரண்டு நடவடிக்கைகள் எடுத்தது. 2025 ஜனவரி முதல் குறுகிய கால வாடகை மீது 7.5 விழுக்காடு தீர்வை விதித்தது. அதே நாளிலிருந்து, காலியாகக் கிடக்கும் வீடுகளுக்கான வரியை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. முதலாவது சரியான திசையில் ஒரு சிறு அடி. விருந்தாளி அதைக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார். உரிமையாளரின் கணக்கு பெரிதாக மாறாது. இரண்டாவதில் ஒரு விலக்கு இருக்கிறது. உரிமையாளர் ஆண்டுக்கு நான்கு வாரம் தானே வந்து தங்கினால் அது விடுமுறை இல்லம், வரி கிடையாது. 1974இல் தொழிலாளிக்குக் கிடைத்த ஆண்டு விடுப்பும் அதே நான்கு வாரம்தான். அன்று எல்லோருக்கும் ஓய்வு தந்த அளவு, இன்று மீதி நாற்பத்தெட்டு வாரமும் ஒரு வீடு இருட்டில் கிடப்பதற்கு அனுமதிச் சீட்டாகியிருக்கிறது.

விடுமுறை இல்லங்களை ஒழிக்க வேண்டும் என்று இதைப் படிப்பவர் எண்ண வேண்டாம். அவை இல்லாமல் லோர்ன் இல்லை. ஊரின் கடைகள் விடுமுறைக்கு வருவோரின் பணத்தில் ஓடுபவை. ஆனால் பத்து வீட்டுக்கு இரண்டு வீடாவது ஆண்டு முழுதும் குடியிருப்போருக்கு என்று சட்டத்தால் ஒதுக்கப்படாவிட்டால், சில பத்தாண்டுகளில் கொடி நடவும் தீயணைப்பு வண்டி ஏறவும் அந்த ஊரில் ஆள் இருக்காது. சம்பளத்துக்கு ஆள் வைத்து அதே வேலையைச் செய்வதென்றால் அந்தச் செலவு மாநிலத்தின் தலையில்தான் விழும். பொது நிலமும் அரசின் கையில் இருக்கிறது, கேரவன் பூங்காவை நடத்திய அனுபவமும் இருக்கிறது. அந்த நிலத்தில் ஒரு பங்கில் மீட்பாளருக்கும் செவிலியருக்கும் சமையற்காரருக்கும் நிரந்தர வாடகை வீடுகளை அரசே கட்டித் தருவதுதான் லோர்னுக்கு இப்போது வேண்டியது.